கௌசல்யாவைக் காணோம்

பாக்ஸ்ப்ரோ என்ற பழைய கணினி மொழியை யாராவது குறை சொல்லிவிட்டால் ஞானாம்பாளுக்கு இருப்புக் கொள்ளாது. மங்கலம்பேட்டையில் பிறந்து, அண்ணாமலை நகரில் கணினி படித்து, சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவர். கடலூரில் டாக்டர் தட்சிணாமூர்த்தி நடத்தும் ரத்த வங்கிக்கு 1996இல் அவர் எழுதிக் கொடுத்த புரோகிராம் பன்னிரண்டு வருடமாக ஓடியது. ரத்தம் கொடுப்பவர் பெயர், வகை, யாரிடம் எடுக்கக் கூடாது என்ற குறிப்பு, எல்லாம் தமிழில். ஒரு நாள் படுத்ததில்லை. இந்தப் பெருமையைப் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாளிடம்கூட, கேட்காமலே, சொல்லியிருக்கிறார்.

2008 ஆடியில் யூனிகோடு எழுத்துமுறையில் புது மென்பொருள் எழுதி, பழைய பெயர்களை அதற்கு மாற்ற உமாசங்கர் வந்தார். முப்பத்துநாலு வயது, வாய் சும்மா இருக்காது.

"பாக்ஸ்ப்ரோவ செஞ்ச கம்பெனியே கைகழுவிட்டான் மேடம். விண்டோஸ் மாறிச்சின்னா ஒங்களுது தொறக்கவே தொறக்காது."

"இன்னிக்கித் தொறக்குதில்ல? ஒங்களுது வந்து மூணு வாரத்துல நாலு வாட்டி படுத்துடுச்சே!"

"புதுசுன்னா அப்பிடித்தான். சரிபண்ணிடுவேன்."

"ரத்தத்துல போயி என்னாத்த சரிபண்ணுவீங்க?"

ஒரு மாதம் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடட்டும், வருகிறவர்களைப் புதியதில் தேடுங்கள், எது இருப்பது என்று மாதக் கடைசிச் சனிக்கிழமை முடிவு செய்வோம் என்றார் டாக்டர். ஞானாம்பாளுக்கு அந்த மாதம் முழுக்க சோறு இறங்கவில்லை.

கடைசி வாரம் வியாழனன்று கௌசல்யா என்ற பெண் ரத்தம் கொடுக்க வந்தார். புதியதில் தேடினால் அப்படி ஒரு பெயரே இல்லை. புது அட்டை போட்டுப் படுக்க வைத்தும்விட்டார்கள். ஞானாம்பாளுக்கு மனசு கேட்கவில்லை, பழையதில் தேடினார். பெயர் வந்தது. 'காமாலைக் கிருமி. எடுக்கக் கூடாது.' ஓடிப்போய் ஊசி குத்தும் முன் தடுத்தார்.

உமாசங்கர் வெளிறிப்போய்த் தன் புரோகிராமைத் துருவ உட்கார்ந்தார். ஞானாம்பாளுக்குப் பூரிப்பில் தலைகால் புரியவில்லை. அந்த ஆளின் மூக்கை உடைக்கிற மாதிரி ஆதாரம் காட்ட வேண்டுமென்று, கௌசல்யாவின் பெயரை எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார்த்தார்.

பழைய எழுத்துருவில் 'கௌ'வுக்குத் தனிச் சாவி கிடையாது. என்ன செய்வது என்று தட்டச்சுப் பெண்கள் கேட்டபோது, "கெ போட்டு பக்கத்துல ள போடுங்க, பாக்க ஒண்ணுதான" என்றவர் ஞானாம்பாளேதான். கண்ணுக்கு 'கௌ'. கணினிக்கு கெ, ள என்று இரண்டு எழுத்து. புதியதில் சரியான 'கௌ' அடித்துத் தேடினால் பொருந்தாது. உமாசங்கர் உள்ளதை உள்ளபடி மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

சொன்னால் பழையது போய்விடும், பன்னிரண்டு வருடப் பெயரும் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சனிக்கிழமை பஸ்ஸில் வரும்போது பாதி வழியில், ஆலப்பாக்கத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட எழுந்து நின்றார்.

டாக்டர் பேச்சை வளர்க்கவில்லை. "பழசே இருக்கட்டும். உமாசங்கர், நீங்க கெளம்பலாம்."

இரண்டு நாளாகத் தேடியும் தன் தப்பு கிடைக்காத உமாசங்கர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை ஞானாம்பாளால் தாங்க முடியவில்லை.

"அவரு மேல தப்பில்ல டாக்டர்," என்று கெ, ள கதையைக் கொட்டினார்.

டாக்டர் சிரித்தார். "அதனால என்னம்மா? பழசுல தேடுனா வந்துடுதே."

"அடிக்கறப்பவும் தப்பு டாக்டர், தேடறப்பவும் அதே தப்பு. ரெண்டும் பொருந்திப் போச்சி. அதத்தான் நம்பகம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன்."

உமாசங்கர் குத்திக் காட்டுவார் என்று ஞானாம்பாள் எதிர்பார்த்தார். அவர் அதைச் செய்யவில்லை. "மேடம், கௌரி, சௌந்தரம்னு இந்த மாதிரி பேருல எடுக்கக் கூடாதவங்க வேற யாராச்சும் இந்த மாசம் வந்தாங்களா?" என்றார்.

ஞானாம்பாள் பழையதில் தேடினார், அதே தப்பான எழுத்தில். ஒரு பெயர் வந்தது. சௌந்தரராசு, எடுக்கக் கூடாதவர். புதியதில் பார்த்தால், செவ்வாய்க்கிழமை புது அட்டையில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த ரத்தப் பை இன்னும் இருக்கிறதா என்று டாக்டர் குளிர்பெட்டியைப் பார்க்க ஓடினார்.