ஸ்பேர் பெட்டியில் வந்த மாத்திரை

மருந்து விதிகளில் முப்பத்தாறாவது விதி தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பயணி தன் சொந்த உபயோகத்துக்கான மருந்தைத் தன் பெட்டியில் கொண்டுவரலாம். எந்த மருந்தும் நூறு வேளை அளவைத் தாண்டக் கூடாது. சுங்க அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். சீன இன்ஜினியர் லியூ இந்த விதிக்குள் சௌகரியமாக அடங்கியிருப்பார். ஆனால் அவருடைய மருந்து அவரோடு வரவில்லை. எங்கள் மெஷினின் ஸ்பேர் பெட்டியில் வந்தது.

ஓசூர் சிப்காட்டில் கியர் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் இறக்குமதிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன. புதிய கிரைண்டிங் மெஷினை நிறுவ வந்த லியூ சீக்கிரமே ஊர் திரும்பியிருக்க வேண்டும். மெஷின் அரைத்த கியர் சொன்ன அளவுக்கு வரவில்லை. நாள் கூடக்கூட அவர் கொண்டுவந்த ரத்த அழுத்த மாத்திரை குறைந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டு இன்ஜினியருக்கு நூடுல்ஸோ ஊறுகாயோ வேண்டுமென்றால், அவர் கம்பெனி அதை அடுத்த ஸ்பேர் பெட்டியில் போட்டு அனுப்பிவிடும். பேக்கிங் லிஸ்டில் 'டூல்ஸ் அண்ட் அக்சஸரீஸ்' என்று ஒரு வரி. அந்த வரிக்குள் ஒரு குடும்பமே குடித்தனம் நடத்தலாம். மருந்தையும் அப்படியே வரவழைக்கச் சொல்லி எங்கள் ஜெனரல் மேனேஜரே லியூவுக்கு யோசனை கொடுத்திருக்கிறார். என்னை யாரும் கேட்கவில்லை.

பெங்களூரு விமான நிலையத்திலிருந்து எங்கள் கிளியரிங் ஏஜென்ட் மஞ்சுநாத் போன் செய்தார்.

"சார், பாக்ஸ் ஓப்பன் பண்ணிட்டாங்க. மோட்டார் ஒண்ணு. மாத்திரை ஒரு கட்டு. அப்புறம் வேர், பட்டை, ஏதோ கருப்பு உருண்டை. ஆபீசர் கேக்கறார், உங்க கம்பெனி கியர் பண்ணுதா, நாட்டு மருந்துக் கடை வெச்சிருக்குதான்னு."

மாத்திரைக்கு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம். வேருக்குத் தாவர நோய்த் தடுப்பு அலுவலகம். உருண்டையில் கொம்போ ஓடோ அரைத்துச் சேர்த்திருந்தால் வன உயிரினப் பிரிவு. கைப்பையில் வந்திருந்தால் ஒரு கேள்வியோடு முடிந்திருக்கக்கூடியது, கம்பெனி பெயரில் வந்ததால் மூன்று வாசல் ஏற வேண்டியதாயிற்று.

ஜெனரல் மேனேஜர் சுலபமான வழியைச் சொன்னார். "மருந்தெல்லாம் வேண்டாம்னு எழுதிக் குடுத்துருங்க சார். லைன் நிக்குது. மோட்டார் வரட்டும்."

"அது அவர் தெனம் சாப்பிடற மாத்திரை சார்."

"ஓசூர்ல மெடிக்கல் ஷாப்பே இல்லையா? தெருவுக்கு நாலு இருக்கு."

மோட்டாரைத் தனியாக விடுவிக்கவும், மருந்தைத் தனியாக நிறுத்தி வைக்கவும் எழுதினேன். மோட்டார் வந்து சேர்ந்தது. மருந்துக்கு, சொந்த உபயோகத்துக்கென்று அனுமதி கேட்கும் பன்னிரண்டு-ஏ படிவத்தை லியூ பெயரில் போட வேண்டும். கூடவே பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு. லியூவிடம் இருந்த சீட்டு சீன மொழியில் இருந்தது. ராயக்கோட்டை சாலையில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன்.

அவர் ரத்த அழுத்தத்தை ஒரு முறைக்கு இரு முறை பார்த்தார். மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, லியூ சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். நகத்தால் உடைத்த பாதி மாத்திரைகள்.

"இப்படியே போனா ஒரு நாள் மெஷின் மேலேயே விழுந்துடுவாரு சார். ரெண்டு மருந்து சேர்ந்த இந்த மாத்திரை இங்க கிடைக்காது. ரெண்டு தனி மாத்திரையா எழுதறேன், இன்னிக்கே ஆரம்பிக்கணும். அந்த வேர் என்ன வேராம்?"

லியூ சொன்னதை மொழிபெயர்த்து அவர் போன் தமிழில் 'அதிமதுரம்' என்றது.

"தெனமும் காய்ச்சிக் குடிக்கறாரா? அது பிரஷரை ஏத்தும். வராம இருக்கறதே நல்லது."

சுங்கத் துறை ஒருவருக்கு வைத்தியம் பார்த்ததை என் சர்வீஸில் அந்த ஒரு தடவைதான் கண்டேன்.

பழைய மாத்திரைக்கும் ஒரு சீட்டு வாங்கிப் படிவத்தோடு அனுப்பினேன். லியூ புதிய மாத்திரையை வாங்கினார். சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் ஆபீசுக்குப் போவதுண்டு. வீட்டிலும் பேச ஆளில்லை, ஆபீசிலும் ஆளில்லை; ஆபீசில் அதற்கு விடுமுறை என்று ஒரு காரணமாவது இருந்தது. லியூவும் ஓடாத மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். ஜூஜுவாடி கெஸ்ட் ஹவுஸ் டிவி தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் பேசும். அவரோடு பேசாது.

"டேப்லெட்?" என்றேன்.

"டுமாரோ." போனிடம் ஏதோ சொன்னார். அது செய்தி வாசிக்கும் குரலில், "அந்நிய மருந்து என் உடலை அறியாது" என்றது.

டாக்டரம்மா எழுதிய இரண்டில் ஒன்று நானே வருஷக்கணக்காக விழுங்கி வருவது. டிபன் பையிலிருந்து என் அட்டையை எடுத்து அவர் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். ஒன்றைப் பிரித்து விழுங்கினேன். நான் விழுகிறேனா என்று பார்ப்பவர் போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் விழுங்கினார்.

மறுநாளிலிருந்து காலை டீக்கு கேன்டீனில் என் எதிரே வந்து உட்காருவார். மாத்திரையை மேஜையில் வைத்துவிட்டு, நான் என்னுடையதை எடுக்கும்வரை காத்திருப்பார். டீ போடும் கமலம்மா, "சியர்ஸ் சொல்லிட்டுப் போடுங்க சார்" என்பார். என் மனைவி போன பிறகு, நான் மாத்திரை போட்டேனா என்று பார்த்தவர் லியூ ஒருவர்தான்.

மெஷின் ஒருவழியாக அளவுக்கு வந்தது. லியூ கிளம்பும்போது ஓசூர் மாத்திரைகளை வெட்டாத அட்டையில், ஆங்கிலச் சீட்டோடு, அவர் கைப்பையில் நானே வைத்தேன். அவர் நாட்டு விதிகளில் எனக்குத் தேர்ச்சி இல்லை. 'சுங்கத்தில் தொந்தரவு உண்டா?' என்று மெயில் அனுப்பினேன். பதில் வரவில்லை. பன்னிரண்டு-ஏ படிவத்துக்கும் பதில் வரவில்லை. நான் ஓய்வு பெற்றேன்.

இறக்குமதிப் பிரிவுக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்வது இதுதான். ஆளின் மருந்து ஆளோடு வர வேண்டும். மெஷினோடு வந்தால் அது மெஷினின் சாமான். இன்னொன்று: மருந்து ஆளிடம் போய்ச் சேர்வது வேறு, ஆள் அதைச் சாப்பிடுவது வேறு. இரண்டாவதைக் கேட்கும் படிவம் எதையும் நான் பார்த்ததில்லை.

படிவத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. லியூவிடமிருந்து ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்தது, அவர் போன் பேசும் அதே தமிழில்: 'ஒருவரும் வினவவில்லை. இங்குள்ள மருத்துவர் அதே மருந்தைத் தொடரச் சொன்னார். தாங்கள் காலையில் அருந்துகிறீர்களா?'

அன்று நான் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி படித்தேன்.