மச்சாளின் தடித்த எழுத்து

புளியங்கூடல் சந்தி மின்கம்பத்தில் அம்மாவின் மரண அறிவித்தல் இன்னும் ஒட்டியிருக்கிறது. ஒரு மாரி மழையில் ஊறி ஓரங்கள் கிழிந்துவிட்டன. படமும் வெளுத்துவிட்டது. பெயர் மட்டும் கறுகறுவென்று நிற்கிறது. வேலைக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து அதைக் காணும் ஒவ்வொரு நாளும் அழுகையோடு எரிச்சலும் வரும். ஏனென்றால் அந்த எழுத்து மச்சாளுடையது.

மச்சாள் என் அண்ணாவின் மனைவி. ஊர்காவற்றுறையில் நான் வேலை செய்யும் அச்சகத்தில் அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான். அடுத்தடுத்த கணினிகளில் இருந்தோம். அவளிடம் ஓர் எழுத்துரு இருந்தது. பழைய பாடப்புத்தக அட்டைகளில் வருவது போன்ற தடித்த உடம்பு. வளைவுகளில் மட்டும் மெலிந்து, கோடு முடியும் இடங்களில் சிறிய பாதங்களை ஊன்றி நிற்கும். மரண அறிவித்தலோ கோயில் திருவிழா நோட்டீசோ, பெயருக்கு மட்டும் அதைப் போடுவாள். மற்றதெல்லாம் சாதாரண எழுத்து. முதல் பிரதியை எதிர்ச் சுவரில் ஒட்டிவிட்டு, றோட்டைக் கடந்து இந்தப் பக்கம் நின்று பார்ப்பாள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். கல்யாணப் பொம்பிளை பார்ப்பதுபோல் என்ன பார்வை!

நான் மெல்லிய புது எழுத்துக்காரி. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அதைத்தான் மெச்சுவார்கள். ஒருமுறை நாரந்தனையில் இறந்துபோன ஒருவரின் அறிவித்தலை அந்த எழுத்தில் அடித்தேன். இரண்டு நாள் கழித்து அவரின் பள்ளித் தோழர் கடைக்கு வந்தார். “மூண்டு கம்பத்திலை கண்டனான் பிள்ளை. பஸ் ஓடேக்கை ஆரின்ரை பேரெண்டு வாசிக்க ஏலாமல் போச்சு. செத்தவீட்டுக்குப் போய்க் கடைசியா முகம் பாக்கக் கிடைக்கேல்லை” என்றார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் “அந்த அக்காவின்ரை எழுத்திலை அடிச்சுத் தாங்கோ” என்றார்கள். எனக்குப் பொறாமை. மச்சாள் ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தாலாவது சண்டை பிடித்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை அவள்.

அம்மா இறந்த அன்று அறிவித்தலை அடிக்க நானே போய் உட்கார்ந்தேன், என் எழுத்தில். அம்மாவாவது எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். மச்சாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மாமி எனக்கு ஒண்டு சொன்னவ. சொன்னால் நீர் கோவிப்பீர்.”

“சொல்லும்.”

“தன்ரை பேர் என்ரை எழுத்திலை வரவேணுமாம். உமக்கு நேரை சொல்ல அவவுக்கு மனம் வரேல்லை.”

பெற்ற தாயுமா? கதிரையை விட்டு எழும்பினேன். அவள் அடித்தாள். வழக்கம்போல் எதிர்ச் சுவரில் ஒட்டினாள், றோட்டைக் கடந்து வந்து நின்றாள்.

“மச்சாள், கண்ணெல்லாம் தண்ணி. எனக்கு ஒண்டும் தெரியேல்லை. நீர் ஒருக்காப் பாரும்” என்றாள். அவளுக்கும் நான் மச்சாள்தான்.

நான் போய் அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன். “ஓம், தெரியுது” என்றேன்.

இன்று காலை பஸ் சந்தியில் நிற்கவில்லை. ஒரே ஓட்டமாய்க் கம்பத்தைக் கடந்துவிட்டது. அதற்குள் அம்மாவின் பெயரை முழுதாக வாசித்துவிட்டேன். பொறாமை இன்னும் போகவில்லை. ஆனால் என்னுடைய எழுத்தாக இருந்திருந்தால், இன்று அம்மாவைக் காணாமலே போயிருப்பேன்.