பக்கத்து சீட்டில் பிரேக் வாத்தியார்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். மீதிப் பாதி அவருக்குப் பயந்து இன்னும் நடந்தே போகிறவர்கள். பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவன் தடுமாறினால் சொல்லிக்கொடுக்கிறவர் அமுக்குவதற்காக வைத்தது. மற்ற வாத்தியார்கள் அதை ஆபத்து வந்தால் அமுக்குவார்கள். இவர் ஆபத்துக்கு வருகிற உத்தேசம் இருந்தாலே அமுக்கிவிடுவார். தெருமுனையில் ஒரு நாய் எழுந்திருக்கலாமா என்று யோசித்தால் போதும், வண்டி நின்றுவிடும். அப்படித்தான் பிரேக் வாத்தியார் ஆனார். சொந்தப் பெயர் அவருடைய லைசென்ஸில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

அவருக்கு அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவு வீங்கிக்கொண்டது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுக் குடலிறக்கம் என்றார்.

"கனமான சாமான் ஏதாவது தூக்குவீங்களா?"

"இல்ல டாக்டர். பிரேக் அமுக்குவேன்."

"அதுல என்ன சிரமம்?"

"அவங்க ஓட்டுறதை நீங்க பார்த்ததில்ல."

டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார். காலையில் வந்தால் சின்ன ஆபரேஷன், சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம். வாத்தியாருக்கு இதெல்லாம் சம்மதம்தான். கத்தியைக் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை. வெளியே வந்ததும் நர்ஸ் கேட்ட கேள்வியில்தான் முகம் வெளுத்தது.

"வீட்டுக்குப் போறப்ப வண்டி யார் ஓட்டுவாங்க?"

"நான்தான். வேற யாரு?"

"மயக்க மருந்து குடுத்த உடம்புங்க. நீங்க ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது. கூட்டிட்டுப் போக ஆள் வந்தாத்தான் அனுப்புவோம்."

வீட்டில் அன்று இதே பேச்சு. டாக்ஸி வேண்டாம் என்றார் வாத்தியார். ஓட்டுகிறவன் வேறு எங்காவது படித்தவனாக இருந்தால் அவனை நம்ப முடியாது. தன்னிடம் படித்தவனாக இருந்தால் இன்னும் மோசம், அவனுடைய குறையெல்லாம் இவருக்குத் தெரியும்.

"நான் ஓட்டுறேன்" என்றார் வாத்தியாரம்மா.

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்லியாக வேண்டும். கல்யாணமான புதிதில் வாத்தியார் மனைவிக்கு ஆசையாகக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் இவர் அமுக்கின அமுக்கில் அந்த அம்மாளுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. வண்டியை நடுத்தெருவில் நிறுத்தி, சாவியை வாத்தியார் மடியில் போட்டுவிட்டு, நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. எதிர்த்த தெருவில் இருக்கிற போட்டிப் பள்ளியில் சேர்ந்து, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டார். வாத்தியாருக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த அம்மாள் அண்ணன் காரை ஓட்டுவார், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிப் போவார். வாத்தியார் மட்டும் ஏறினதே இல்லை. புருஷன்மேல் அந்த அம்மாளுக்கு இருந்த மனக்குறை அது ஒன்றுதான், அது ஆறவே இல்லை.

"போறவன் வர்றவனையெல்லாம் நம்பிப் பக்கத்துல உட்கார்றீங்க. என்னை மட்டும் நம்ப மாட்டீங்க."

"அவங்களை எங்க நம்பினேன்? பிரேக்கை நம்பித்தான் உட்கார்றேன்."

"சரி, அந்தக் காரையே கொண்டு வர்றேன். போதுமா?"

அந்தப் பிரேக்கை நினைத்துத்தான் வாத்தியார் தலையாட்டினார்.

ஆபரேஷன் நாளில் வெறும் வயிறு. பச்சைத் தண்ணீர்கூட இல்லை. முதுகுப் பக்கம் நாடா கட்டுகிற அங்கியைக் கொடுத்தார்கள், ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் திறந்துகொண்டது. தள்ளுகட்டிலில் படுக்கவைத்து வார்டு பாய் தள்ளினார். திருப்பத்தில் அவர் கொஞ்சம் வேகமாக வளைக்க, வாத்தியாரின் வலது கால் போர்வைக்குள் நீண்டது.

"வளைவுக்கு முன்னாலயே வேகத்தைக் குறைக்கணும் தம்பி."

"படுத்துக்குங்க சார்."

தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர் காலைத் தட்டி, "இவ்வளவு விறைப்பா வைக்காதீங்க" என்றார். முன்னால் எதுவும் வரவில்லையே என்று ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் வாத்தியார் தளர்த்தினார். கண்ணைத் திறந்தபோது எல்லாம் முடிந்து, வயிற்றில் பிளாஸ்திரி இருந்தது. இருமினால் வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எதையும் அழுத்தக் கூடாது என்று நர்ஸ் சொல்லி, ஒரு டீயும் கொடுத்து அனுப்பினார்.

வாசலில் பயிற்சிக் கார் நின்றது. வாத்தியார் வயிற்றுக்கு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு மெல்ல ஏறினார். கீழே பிரேக் கண்ணில் பட்டதும்தான் மூச்சு வந்தது. வண்டி கேட்டைத் தாண்டியது. தூரத்தில் ஒரு சைக்கிள். கால் தன்னால் அமுக்கியது. வயிற்றில் சுரீரென்று இழுத்தது, வண்டியோ நிற்கவில்லை.

"ஐயோ, பிரேக் போச்சு!"

"பிரேக் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் இல்ல. அழுத்தக் கூடாதுன்னு சொன்னாங்கள்ல? அதான் மெக்கானிக்கை விட்டு உங்க பக்கத்துக் கம்பியை மட்டும் கழட்டச் சொன்னேன்."

சைக்கிளுக்கு வேண்டிய இடம் விட்டு, அலுங்காமல் கடந்தார் வாத்தியாரம்மா. வாத்தியாருக்குக் கோபம் வந்தது. கத்தினால் தையல் வலிக்கும். ஆகவே குறை கண்டுபிடிக்க உட்கார்ந்தார். கண்ணாடி பார்க்கிறாளா? பார்த்தாள். திரும்புவதற்கு முன் சிக்னல்? போட்டாள். வேகத்தடையில் தூக்கிப் போடுவாள் என்று தலையணையை இறுக்கினார். குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி இறக்கினாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படாவிட்டால் தனக்குத் தூக்கம் வரும் என்பது வாத்தியாருக்கே அன்றுவரை தெரியாது.

விழித்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர் வீட்டு கேட் ஜன்னலுக்கு வெளியே வந்து, பின்னால் போயிற்று.

"வீட்டைத் தாண்டிட்ட."

"தெரியும். எப்பவோ வந்தாச்சு. நிறுத்தினா முழிச்சுக்குவீங்களேன்னு சுத்திக்கிட்டு இருக்கேன்." வாத்தியாரம்மா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நான் ஓட்டி நீங்க தூங்குவீங்கன்னு நினைச்சதே இல்ல."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் வாத்தியாருக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் இதைக் கொடுக்காமல் இருந்துவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. தெருவைச் சுற்றி மறுபடி வீடு வந்தது. வண்டியின் வேகம் குறைந்தது.

"ஏன் நிறுத்துற?"

"முழிச்சிட்டீங்களே."

"முழிச்சா என்ன? நீ ஓட்டு" என்று சொல்லி, வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.