சூடு இறங்காத தரை

ஊரைவிட்டு இந்தக் குளிர்தேசத்துக்கு வந்து குட்மேய்ஸில் நாங்கள் வாங்கிய வீட்டின் குசினித் தரை வெறும் கொங்கிறீற். மார்கழியில் அதில் வெறுங்காலோடு நிற்பவருக்கு விசர் என்றுதான் சொல்வேன். என் மனைவி நின்றாள். சாமித்தட்டு குசினிச் சுவரில் இருந்தது. அதனால் அங்கே செருப்பும் கூடாது, சொக்ஸும் கூடாது. அவளுக்கோ இரத்த ஓட்டம் குறைவு. குளிரில் கால்விரல்கள் வெளிறி விறைத்துப்போகும்.

"சாமியை முன்னறைக்கு மாத்துவம்" என்றேன்.

"சமைக்கிற இடத்திலை நிண்டு கும்பிட்டாத்தான் எனக்குக் கும்பிட்ட மாதிரி. நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ."

என் வேலையே ஊரார் வீட்டுத் தரையைச் சூடாக்குவதுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த வேலைக்குப் போனேன். வெப்பம் கீழே போகாமல் தடுக்கும் பலகையைப் போட்டு, அதன்மேல் பிளாஸ்ரிக் குழாயை முறுக்குப் பிழிவதுபோல வளைத்து வளைத்து விரித்து, சீமெந்துக் கலவையால் மூடுவோம். பிறகு குழாயில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஓடும். சுவரில் பூட்டிய ரேடியேற்றருக்குப் பக்கத்தில் நின்றால்தான் சூடு. இது அறை முழுக்கக் காலிலிருந்து மேலே வரும். அதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அவள் ஒரு காலை மறுகாலின்மேல் வைத்துக்கொண்டு தோசை சுடுவாள். "வாற குளிருக்குப் போட்டுத் தாறன்" என்பேன். அப்படியே ஐந்து குளிர்காலம் போனது. வெட்கங்கெட்டவன் நான், வேறென்ன சொல்ல.

ஆறாவது வருடம் போட்டேன். சீமெந்து நன்றாகக் காயும்வரை சூடு ஏற்றக்கூடாது. அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு பின்னேரம் ஏற்றினேன். படுக்கப் போகும்வரை தரை குளிர்ந்தே கிடந்தது.

"உதென்ன கண்டறியாத சூடு" என்று நக்கலடித்தாள்.

"மெல்லத்தான் ஏறும். ஏறினால் லேசிலை இறங்காது" என்றேன்.

மறுநாள் காலை இறங்கி வந்தபோது அவள் குசினி நடுவில் சம்மணம் கட்டி இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழும்ப மனமில்லை.

"ஏனப்பா இதை முந்தியே செய்யேல்லை?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருக்கலாம்.

அந்தக் குளிர்காலம் மட்டுந்தான் அவளுக்கு முழுதாகக் கிடைத்தது. அடுத்த தை மாதம் இதயம் நின்றுவிட்டது.

கிரியைக்குப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவர ஒழுங்கு செய்தோம். முன்னறை ஒடுக்கம். பெட்டி வைக்க இடமுள்ள அறை குசினிதான். உடலைக் கொண்டுவருபவர் முதல்நாள் மத்தியானம் தொலைபேசியில் அழைத்து, அறை குளிராக இருக்க வேண்டும், ஹீற்றிங்கை நிற்பாட்டிவிடுங்கள் என்றார். உடனே நிற்பாட்டினேன்.

காலையில் வெறுங்காலோடு இறங்கினேன். தரை இன்னும் சூடாக இருந்தது. யன்னல்களை எல்லாம் திறந்துவிட்டேன். வாளி வாளியாகப் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து துடைத்தேன்.

"விடுங்கோ அத்தான், நான் துடைக்கிறன்" என்றான் அவளுடைய தம்பி.

"நான் போட்ட தரை. நான்தான் துடைக்க வேணும்."

பெட்டி வந்தபோது தரை விறைத்துக் கிடந்தது. திறந்து பார்த்தேன். யாரோ நல்ல மனதோடு அவள் காலுக்குச் சொக்ஸ் போட்டிருந்தார்கள். சாமிப் படங்களைத் துணியால் மூடித்தான் வைத்திருந்தோம். இருந்தாலும் அவள் விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். இரண்டையும் கழற்றினேன்.