சத்தம் போடாத பதிப்பு

தெருவில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். எப்போதோ ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கொஞ்ச நாள் பாடம் எடுத்ததற்குக் கிடைத்த பட்டம். இப்போது வேலை அச்சகத்தில். அது போக மிச்ச நேரமெல்லாம் அவளே எழுதின ‘சேவல்’ என்ற மென்பொருளுக்குத்தான். நெட்வொர்க்கில் இணைத்திருக்கிற கம்ப்யூட்டர், குளிர்பெட்டி என்று ஒவ்வொரு பெட்டியையும் சேவல் நிமிஷத்துக்கு ஒரு தரம் “இருக்கியா?” என்று கேட்கும். பதில் வராவிட்டால் ஊரைக் கூட்டும். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்த்துத் திருத்தலாம். எடுத்துக்கொள்ள எத்தனையோ நாட்டிலிருந்து வருவார்கள், திருத்தத்தான் நாதியில்லை. “ஊர்ப் பெட்டியெல்லாம் உயிரோட இருக்கான்னு பாக்கிறே, நம்ம வீட்டு கேஸ் தீர்ந்தது மட்டும் உனக்குத் தெரியாது” என்பார் கணவர். அவர் வாய்க்குப் பூட்டே கிடையாது.

சேவல் மேல் ஒரே புகார், ஒரு தரம் பதில் தவறினாலே கத்துகிறது என்பதுதான். ஆளாளுக்குப் புலம்பினார்கள். சரி, தொலையட்டும் என்று, தொடர்ந்து மூன்று தரம் பதில் வராவிட்டால் மட்டும் கத்துகிற மாதிரி மாற்றிப் புதுப் பதிப்பை வெளியிட்டாள். பாராட்டு குவிந்தது, பாருங்கள்! “எவ்வளவு அமைதி!” “இப்பதான் நிம்மதி!” டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. நாத்தனார் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி ரத்த வங்கியிலும் புதுசைப் போடச் சொல்லி அவளேதான் நச்சரித்தாள். அங்கே ரத்தப் பைகள் இருக்கிற குளிர்பெட்டிக்குச் சேவல்தான் காவல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் வீட்டைப் பெருக்குகிறேன் பேர்வழி என்று மேஜைக்கடியில் துடைப்பத்தை விட்டு, அங்கே ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரின் பிளக்கை இழுத்துவிட்டார். “கண்ணு தெரியலையா உங்களுக்கு?” என்று சீறியவள் லேப்டாப் திரையில் சேவலைப் பார்த்தாள். செத்துப்போன பெட்டிக்கு நேராகப் பச்சை விளக்கு. காத்திருந்தாள். கையிலிருந்த காபி ஆறி அவலாகிப் போனது, அப்போதும் பச்சைதான்.

டம்ளரை வைத்துவிட்டுப் புதுப் பதிப்புக்காக எழுதினதைத் திறந்தால் தப்பு கண்ணெதிரே கிடந்தது. ஒவ்வொரு தரம் கேட்கும்போதும் பதில் தவறின எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தது. மூன்று எங்கே வரும்? ஒன்றையே தாண்டாது! வெளியிடுவதற்கு முன் அவள் சோதித்ததெல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டிகள். ஒன்றையாவது அணைத்துப் பார்த்தாளா, மகராசி? இல்லை. ஊர் உலகம் மெச்சின அமைதி இதுதான்.

ஒரு வரியை இடம் மாற்றினாள். இந்தத் தரம் பிளக்கைப் பிடுங்கியே பார்த்தாள். கத்தியது. “தப்பு என்னுடையது. புதுப் பதிப்பு கத்தாது. திருத்தினதைப் போட்டிருக்கிறேன், உடனே மாற்றுங்கள்” என்று எல்லோருக்கும் எழுதிப் போட்டாள். நாத்தனாருக்கு போன் அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது. டியூட்டி நேரத்தில் போன் லாக்கருக்குள் கிடக்கும்.

“வண்டிய எடுங்க” என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சாவியை எடுத்தார். வழியெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்பு. குளிர்பெட்டி நின்றுபோய், திரையில் பச்சை எரிந்து, கெட்டுப்போன ரத்தம் யாரோ ஒரு நோயாளிக்கு ஏறியிருந்தால்? அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

“என்ன அண்ணி, தலைகூட வாராம வந்து நிக்கறீங்க?” என்றாள் ரத்த வங்கியில் நாத்தனார்.

டீச்சர் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

“அதுவா? அது செவ்வாய்க்கிழமையே தெரியுமே! டியூட்டிக்கு வந்ததும் முதல் வேலையா குளிர்பெட்டி ஒயரப் பிடுங்கிப் பாப்பேன். கத்துச்சுன்னா திருப்பி மாட்டிட்டு மத்த வேலை. அன்னிக்குக் கத்தவே இல்ல. எங்க கம்ப்யூட்டர்காரர் உடனே பழசையே போட்டுட்டாரு.”

“அப்ப ரத்தம்?”

“ஒரு பைகூடக் கெடல. பெட்டி நல்லாத்தான் ஓடுது.”

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?”

“சொன்னேனே! அன்னிக்கே அண்ணன்கிட்ட போன்ல சொல்லிவிட்டேனே!”

இரண்டு பேரும் திரும்பினார்கள். கை கழுவுவது எப்படி என்று சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் கணவர் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்துக்கொண்டிருந்தார். “ஏதோ சேவல், ஒயருன்னு சொன்னா... மறந்தே போச்சு” என்றார், படத்திடம்.

வேறொரு நாளாக இருந்தால் மனுஷனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இன்று திட்டக்கூடத் தெம்பில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா! அது மனசில் இறங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

“என் கண்ணு முன்னாடி ஒரு தரம் பிடுங்கிக் காட்டேன்.”

“இப்பதானே காலைல பாத்தேன்?”

“எனக்காக.”

நாத்தனார் தலையிலடித்துக்கொண்டு போய் ஒயரைப் பிடுங்கினாள். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, சேவல் கத்திய கத்தலில் அடுத்த அறை நர்ஸ், “யாரும்மா அது, காது கிழியுது!” என்று எட்டிப் பார்த்தாள். டீச்சர் குளிர்பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போதே பொலபொலவென்று கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“அழுதது போதும், கொஞ்சம் தள்ளுங்க அண்ணி” என்றாள் நாத்தனார். “ஒயரத் திருப்பி மாட்டணும்.”