மணிக்கட்டுப் படம்

கடலூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஆறு வருஷமாக எக்ஸ்ரே எடுத்தது நான் ஒருத்தன்தான். முன்பிருந்தவர் கூட நின்று பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை. 1960களின் நடுவில் ஒரு பெண்ணை எனக்குத் துணையாகப் போட்டார்கள். மெட்ராஸில் படித்து சர்டிபிகேட் வாங்கியவள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. நெஞ்சுப் படத்துக்குக் குப்பத்திலிருந்து வருகிறவர்கள், "அந்தப் பொண்ணே எடுக்கட்டும்" என்று காத்துக் கிடந்தார்கள். "மூச்சைப் புடி, ஆடாதே" என்று நான் கத்துவேன். அவள், "வலை இழுக்கறப்ப தம் கட்டுவீங்க இல்ல, அப்படி நில்லுங்க" என்பாள். கல் மாதிரி நிற்பார்கள். படமும் துளி கலங்காமல் வரும். டாக்டர் நான் எடுத்த படத்தைத் தூக்கிப் பிடித்து, "அந்தம்மா எடுத்ததா?" என்று கேட்பார். நான்தான் என்றால், "அப்படியா" என்பார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அந்தச் சமயத்தில்தான் திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் என் மனைவி வழுக்கி விழுந்து கையை ஊன்றிவிட்டாள். மணிக்கட்டை நானே படம் எடுத்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, "எலும்புக்கு ஒண்ணுமில்ல, சுளுக்கு" என்றார்.

ஈரம் காயத் தொங்கவிட்டிருந்த படத்தை அந்தப் பெண் உற்றுப் பார்த்தாள். என் மனைவியின் கட்டைவிரலுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் மெல்ல அழுத்தி, "இங்க வலிக்குதாக்கா?" என்று கேட்டாள். மனைவி துடித்துப்போனாள்.

"சார், கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்ச்சு இன்னொரு படம் எடுத்துடலாம். நேராப் பாத்தா இந்தச் சின்ன எலும்பு சரியாத் தெரியாது."

"டாக்டரே பாத்துட்டாரு. நீ வேலையப் பாரு."

மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் கீரப்பாளையத்தில் ஒரு கல்யாணம். நான் மட்டும் சிதம்பரம் வழியாகப் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பினேன். மனைவி கையில் கட்டைவிரலையும் சேர்த்து மாவுக்கட்டு.

"வலி தாங்கலீங்க. நானே போனேன். அந்தப் பொண்ணு டாக்டருகிட்ட கேட்டு வேற மாரி படம் எடுத்துச்சு. எலும்பு உடைஞ்சிருக்காம். உட்டிருந்தா கை வீணாப் போயிருக்குமாம்."

"எனக்கும் அப்பவே சந்தேகந்தான்" என்றேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் யாரும் இல்லாத நேரத்தில் அந்தப் படத்தை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். முடி கனத்துக்கு ஒரு கோடு. என் மனைவியின் எலும்பு முறிவை அந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டாளே என்றுதான் முதலில் எரிந்தது. மனைவிக்குக் கை பிழைத்தது என்ற நினைப்பு அதற்கப்புறம்தான் வந்தது. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கட்டு மூன்று மாதம் இருந்தது. கை பழையபடி ஆயிற்று. நான் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தைகூட நன்றி சொல்லவில்லை.

அப்புறம் ஒருநாள் குமராட்சியிலிருந்து ஒரு விவசாயி, வண்டியிலிருந்து விழுந்து அடிபட்ட கையோடு வந்தார். கட்டைவிரல் அடியில் அழுத்திப் பார்த்தேன். அலறினார். கையைச் சாய்த்து வைத்து எடுத்தேன். கோடு தெரிந்தது.

"பிரமாதம்! இப்படி எடுக்க எங்கய்யா கத்துக்கிட்ட?" என்றார் டாக்டர்.

அந்தப் பெண் எனக்குப் பக்கத்திலேயே அடுத்த படத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் தலை நிமிரவில்லை. அந்தப் பெருந்தன்மையைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது.