கூட நிற்க ஓர் ஆள்

தென்காசியில் முதுகுவலி என்று வாயைத் திறந்துவிடக் கூடாது. பால்காரரிலிருந்து பேங்க் மேனேஜர் வரை எல்லோரிடமும் ஒரே வைத்தியம்தான் இருக்கும். "சாரல் ஆரம்பிச்சாச்சுல்லா சார், ஐந்தருவில போயி முதுகக் காட்டுங்க. தண்ணி அடிக்க அடிக்கச் சரியாயிரும்." நானும் போய்க் காட்டினேன். டிஸ்க் தேய்ந்த முதுகில் அருவி விழுந்தால் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆட்டோவில் படுத்தபடி வீடு வந்து சேர்ந்தேன்.

பிறகுதான் செங்கோட்டை தாண்டி, மலைக்கு அந்தப்புறம் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் நல்ல தமிழ் பேசினார். என் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்களைப் பிரித்து, தேய்ந்த டிஸ்க்குக்குள் ஊசியால் செலுத்துவார்களாம். டிஸ்க் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சிதான், உறுதி எதுவும் தர முடியாது என்றார்.

"வேறு யாருடைய செல்லும் வேண்டாமா?"

"வேண்டாம் சார். எல்லாம் உங்களோடதுதான்."

எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மனைவி இறந்தபின் யாரிடமும் எதையும் கேட்காமல் காலம் தள்ளுகிறவன் நான். எனக்கென்றே கண்டுபிடித்த வைத்தியம் போலிருந்தது.

அந்தச் சந்தோஷம் நர்ஸ் வரும்வரைதான். "பைஸ்டாண்டர் ஆராணு?" என்றாள். நோயாளியோடு தங்குகிற துணைக்குக் கேரள ஆஸ்பத்திரிகளில் அதுதான் பெயர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விபத்து நடக்கையில் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறவன்தான் பைஸ்டாண்டர் என்று காலமெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஆங்கில வாத்தியார் நான். அவளுக்கும் அதை விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை. ஆள் இல்லாவிட்டால் அட்மிஷன் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வேடிக்கை பார்க்கக்கூட எனக்கு ஆளில்லை என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. மகன் கனடாவில் இருக்கிறான். ஆலங்குளத்தில் இருக்கிற தம்பியைக் கூப்பிட்டால் வருவான். வந்துவிட்டு, "அண்ணனுக்கு நாந்தான் பாத்தேன்" என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பான். அதற்கு முதுகுவலியே தேவலை. எதிர்வீட்டுக்காரர் வாசல்வரை போய்விட்டு, செருப்பைக் கழற்றாமலே திரும்பினேன்.

கடைசியில் மகன்தான் போனிலேயே ஆள் பிடித்துக் கொடுத்தான். ஆய்க்குடிக்காரர், நாற்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரியில் கூடத் தங்குவதுதான் அவருக்குத் தொழில். ஊசி போட்டு முடிந்ததும் என்னைப் புரட்டிப் படுக்க வைத்தார், தலையைத் தாங்கிக் கஞ்சி கொடுத்தார். "அச்சனாணோ?" என்று வார்டு நர்ஸ் கேட்டாள். அவர் தயங்காமல் தலையாட்டினார். அவள் போனதும், "அப்பா இல்லன்னு சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பாவ சார், அதான்" என்றார். பரவாயில்லை என்றேன். உண்மையில் அவள் இன்னொரு தடவை வந்து கேட்கமாட்டாளா என்றிருந்தது.

வீடு திரும்பி மாதங்கள் ஓடின. ஒருநாள் மத்தியானம் குளியலறையில் சோப்பு நழுவி விழுந்தது. குனிந்து எடுத்துவிட்டு நிமிர்ந்த பிறகுதான் கவனித்தேன், வலிக்கவில்லை. மறுபடி கீழே போட்டு எடுத்தேன். அப்போதும் வலிக்கவில்லை. செல்கள் வேலை செய்தனவா, ஓய்வில் குணமானதா, டாக்டருக்கே இன்னும் தெரியாது. எனக்கு இதை உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். கனடாவில் மகன் தூங்கிக்கொண்டிருப்பான். ஈரத்தலையோடு ஆய்க்குடிக்காரருக்குப் போன் போட்டேன்.

"எந்த சாரு பேசுதீங்க?"

"தென்காசி சார்."

"எந்தத் தென்காசி சாரு?" நான் விளக்குவதற்குள் அவரே தொடர்ந்தார். "சார், கோவிச்சுக்காதீங்க, இங்கன ஒருத்தருக்குக் கூட நிக்கேன். டாக்டர் வாராரு. பொறவு பேசட்டா?"

"சரிப்பா, அவரைப் பாரும்" என்றேன். முதுகைப் பற்றி நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.